பாரிஸ் – புதுச்சேரி: எட்டு வருஷம் ஒரு நாள்

பாரிஸிலிருந்து சென்னைக்கு ஆகாய வழியில் சுமார் 8,000 கிலோமீட்டர். நடுவில் எங்கேயும் இறங்காத விமானம் என்றால் பத்து மணி நேரம். மீனம்பாக்கத்தில் டாக்ஸி பிடித்து ஈ.சி.ஆரில் விட்டால் இன்னொரு மூன்று மணி நேரம். ராத்திரி பாரிஸில் சாப்பிட்டவர் மறுநாள் சாயங்காலம் வில்லியனூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, "அப்பப்பா, உடம்பெல்லாம் ஒரே வலி" என்று புலம்பலாம். பிரெஞ்சுப் பட்டாள பென்ஷன் வாங்கும் நம் சொல்தா குடும்பங்கள் பல காலமாக இந்த ரூட்டில் போய் வருகின்றன. புலம்பலும் கூடவே போய் வருகிறது.

இதே ரூட்டில் முன்பு ஒருவர் வந்தார். 1760 மார்ச் 26 அன்று பிரான்ஸில் பிரெஸ்ட் துறைமுகத்தில் கப்பல் ஏறினார். 1768 மார்ச் 27 அன்று புதுச்சேரியில் இறங்கினார். கணக்குப் போட்டுவிட்டீர்களா? எட்டு வருஷம் ஒரு நாள். எட்டு வருஷத்தைக்கூட மன்னித்துவிடலாம், அந்த ஒரு நாள்தான் மனதை அறுக்கிறது.

அப்படி என்ன வேலையாக வந்தார்? தூரம் அளக்க! சத்தியமாக. பூமியிலிருந்து சூரியன் எவ்வளவு தூரம் என்று கண்டுபிடிக்கப் புறப்பட்ட ஆசாமி இவர். அந்தத் தூரத்தைச் சூரிய வெளிச்சம் எட்டு நிமிஷத்தில் தாண்டி வந்துவிடுகிறது. நம் ஆளுக்குப் புதுச்சேரி வந்து சேரவே எட்டு வருஷம்.

பெயரைச் சொல்லிவிடுகிறேன், மூச்சை இழுத்துப் பிடித்துக்கொள்ளுங்கள். கியோம் ஜோசெஃப் இயாசான்த் ழான்-பத்தீஸ்த் லெ ஜான்தி த லா கலேசியேர். இன்றைக்கு இந்தப் பெயரில் டிக்கெட் போட்டால் போர்டிங் பாஸ் அடுத்த சீட்டுக்காரர் மடி வரை நீளும். நாம் லெ ஜான்தி என்றே வைத்துக்கொள்வோம். 1725-ல் நார்மண்டியில் பிறந்தவர். பாதிரியார் ஆவதற்காகப் பாரிஸுக்குப் படிக்கப் போனார். போன இடத்தில் வானவியல் வகுப்பில் எட்டிப் பார்த்தார், அங்கேயே உட்கார்ந்துவிட்டார். சொர்க்கத்தைப் பற்றிப் பேச வேண்டியவர் அதை டெலஸ்கோப்பில் தேட ஆரம்பித்தார். சொர்க்கம் இதை ரசித்ததாகத் தெரியவில்லை.

ஐடியா இவருடையது இல்லை. எட்மண்ட் ஹாலி, அதாவது வால்நட்சத்திர ஹாலி, 1716-லேயே சொல்லிவைத்தது. வெள்ளி கிரகம் எப்போதாவது சூரியனுக்குக் குறுக்கே ஒரு கறுப்புப் பொட்டாக நகர்ந்து போகும். உலகத்தின் பல மூலைகளிலிருந்து அதைப் பார்த்து, எத்தனை மணிக்கு நுழைந்தது, எத்தனை மணிக்கு வெளியே போனது என்று வினாடி சுத்தமாகக் குறித்தால் போதும். இடத்துக்கு இடம் வரும் வித்தியாசத்தை வைத்துச் சூரியனின் தூரத்தைப் பிடித்துவிடலாம். என்ன, வெள்ளி கூப்பிட்டபோதெல்லாம் வராது. எட்டு வருஷ இடைவெளியில் இரண்டு தடவை முகம் காட்டும், பிறகு நூறு வருஷத்துக்கு மேல் ஆள் அகப்படாது. அந்த நூற்றாண்டுக்குக் கிடைத்த தேதிகள் 1761 ஜூன் 6, 1769 ஜூன் 3-4. ஹாலி 1742-லேயே போய்ச் சேர்ந்துவிட்டார். பிளான் போட்டவர் வேலை நடக்கும்போது இருக்க மாட்டார் என்பது அன்றைக்கும் வழக்கம்தான்.

பாரிஸ் விஞ்ஞான அகாடமி ஒருவரைச் சைபீரியாவுக்கு அனுப்பியது, ஒருவரை ரோட்ரிக்ஸ் தீவுக்கு. லெ ஜான்திக்குப் புதுச்சேரி. சூரியனைப் பார்க்க ஜூன் மாதப் புதுச்சேரியைவிட நல்ல இடம் கிடைக்குமா? பார்க்க வேண்டாம் என்று நாம் ஓடினாலும் சூரியன் விடாது. போதாததற்கு அது பிரெஞ்சுக்காரர்களின் சொந்த ஊர். அகாடமி ஒரே ஒரு விஷயத்தைத்தான் கணக்கில் எடுக்கவில்லை. அந்தச் சொந்த ஊர் அப்போது பிரெஞ்சுச் சேனாதிபதி லாலி பிரபுவின் கையில் இருந்தது.

லாலியின் பயணக் கதையையும் ஒரு வாய் கேட்டுவிடுங்கள். இங்கிலீஷ்காரர்களை இந்தியாவிலிருந்து துரத்தி அடிக்க 1757 மே மாதம் பிரான்ஸிலிருந்து புறப்பட்டார். வந்து சேர்ந்தது 1758 ஏப்ரல் கடைசியில், ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து. அவருக்கு மூன்று மாதம் பின்னால் கிளம்பிய இங்கிலீஷ் கப்பல்கள் ஐந்து வாரம் முன்னாலேயே மதராஸ் வந்து, குளித்துச் சாப்பிட்டுத் தயாராக இருந்தன. துரத்த வந்தவரை வரவேற்கத்தான்.

புதுச்சேரியும் வரவேற்றது. கப்பல் கண்ணில் பட்டதும் பீரங்கி மரியாதை. வெறும் மருந்தைப் போட்டு வெடிப்பதற்குப் பெயர்தான் மரியாதை. எந்தப் புண்ணியவானோ குண்டையும் சேர்த்துப் போட்டுவிட்டார். ஐந்து குண்டுகள் லாலியின் கப்பலிலேயே போய் விழுந்தன. புதுச் சேனாதிபதிக்கு ஊர் சொன்ன முதல் வணக்கம் இது. கடைசி வரை இரண்டு பேரும் இதே அன்போடுதான் பழகினார்கள்.

இப்போது வில்லியனூர். "எங்கள் ஊருக்கும் சூரியனுக்கும் என்ன சம்பந்தம்?" என்று கேட்காதீர்கள், இருக்கிறது. 1760 ஜூலை 10-ம் தேதி லெ ஜான்தி மொரீஷியஸில் இறங்குகிறார். பாதி வழி தாண்டியாயிற்று, இன்னும் பதினோரு மாதம் கையில் இருக்கிறது, ஐயா சந்தோஷமாக இருக்கிறார். அதே ஜூலையில் இங்கே இங்கிலீஷ் தளபதி அயர் கூட் வில்லியனூர்க் கோட்டையை வளைக்கிறார். காப்பாற்ற லாலி படையோடு கிளம்பி வருகிறார். வந்துகொண்டே இருக்கிறார், கண்ணுக்குத் தெரிகிற தூரத்துக்கு வந்தேவிட்டார். கோட்டைக்குள் இருந்த பிரெஞ்சு அதிகாரி அந்த நேரம் பார்த்துச் சரணடைந்துவிட்டார்! உதவி வருவதைப் பார்த்துத் தோற்றவர் உலகத்தில் இவர் ஒருவராகத்தான் இருப்பார்.

லாலிக்குத் துணையாக ஹைதர் அலி அனுப்பிய மைசூர்ப் படை இந்தக் கூத்தைப் பார்த்தது. இவர்களோடு சேர்ந்தால் நம் மானமும் போகும் என்று நினைத்ததோ என்னவோ, கொஞ்ச நாளில் மூட்டை கட்டிவிட்டது. (பாகூர்க்காரர்கள் சிரிக்க வேண்டாம். 1752-ல் உங்கள் ஊரில் நடந்த சண்டையில் பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்ஸின் உறவுக்காரர் கெர்ழான் படையைத் தோற்கடிக்கக் கொடுத்துவிட்டுத் தானும் கைதியானார்.) வில்லியனூர் போன பின் புதுச்சேரிக்கு நாட்டுப்புறத்திலிருந்து நெல்லும் மாடும் வருகிற வழி அடைந்தது. பட்டினி கிடந்த ஊர் 1761 ஜனவரி 16 அன்று சரணடைந்தது. இங்கிலீஷ்காரர்கள் அதை வீடு வீடாக இடித்துத் தள்ளினார்கள். லாலியின் தலையைப் பாரிஸில் அவருடைய சொந்த அரசாங்கமே 1766-ல் வெட்டியது.

இதில் ஒரு வார்த்தையும் மொரீஷியஸுக்கு எட்டவில்லை. லெ ஜான்தி அங்கே வயிற்றுக்கடுப்பில் படுத்துக்கொண்டு கப்பலுக்குக் காத்திருந்தார். ஒருவழியாக 1761 மார்ச் 11 அன்று 'சில்ஃபீட்' என்ற போர்க்கப்பலில் இடம் கிடைத்தது. காற்று எதிர்த்து அடிக்கிற பருவம். கப்பல் அரபிக்கடலில் வாரக்கணக்கில் அலைந்தது. மே 24-ம் தேதி மாஹே பக்கம் வந்தபோதுதான் செய்தி கிடைத்தது: மாஹே இல்லை, புதுச்சேரியும் இல்லை, இரண்டும் இங்கிலீஷ்காரர்கள் கையில். ஃபிளைட் கேன்சல் ஆகிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இங்கே இறங்க வேண்டிய ஊரே கேன்சல். கேப்டன் ஒரு வார்த்தை பேசாமல் கப்பலை மொரீஷியஸ் பக்கம் திருப்பினார்.

ஜூன் 6 வந்தது. லெ ஜான்தி நடுக்கடலில். வானத்தில் ஒரு மேகம் குறுக்கே வரவில்லை. வெள்ளி சூரியனைக் கடப்பதை மனிதர் கண்ணாரப் பார்த்தார், நேரத்தையும் எழுதிக்கொண்டார். அத்தனையும் குப்பை. ஆடுகிற கப்பலில் ஊசல் கடிகாரம் வேலை செய்யாது. கப்பல் எந்தத் தீர்க்கரேகையில் நிற்கிறது என்பதும் சரியாகத் தெரியாது. தான் எங்கே இருக்கிறோம் என்று தெரியாத ஒருவர் சூரியன் எங்கே இருக்கிறது என்று எப்படிச் சொல்வது?

நீங்களும் நானும் என்ன செய்திருப்போம்? அடுத்த கப்பலில் ஊர் திரும்பி, ஆயுசு முழுக்க அரசாங்கத்தைத் திட்டிக்கொண்டு இருந்திருப்போம். இவர் வேறு மாதிரி யோசித்தார். அடுத்த ஷோ 1769-ல் இருக்கிறது. எட்டே வருஷம். போய்விட்டுத் திரும்பி வருவானேன், இங்கேயே இருந்துவிட்டால் போச்சு!

இருந்தார். மடகாஸ்கர் கரையை அளந்து வரைபடம் போட்டார். காற்று, அலை, செடி, மீன் என்று கண்ணில் பட்டதையெல்லாம் எழுதினார். சும்மா இருக்கத் தெரியாத ஜாதி. கடைசியில், கணக்குப் பார்த்ததில் 1769-க்கு மணிலாதான் தோதான இடம் என்று முடிவு செய்து, 1766-ல் ஸ்பானியக் கப்பல் ஒன்றில் ஏறி மணிலா போய்ச் சேர்ந்தார்.

மணிலா கவர்னருக்கு இவரைப் பார்த்ததும் சந்தேகம். பிரெஞ்சுக்காரன், கையில் டெலஸ்கோப், ஒற்றன் இல்லாமல் வேறென்ன? லெ ஜான்தியோ ஐரோப்பாவுக்கு எழுதிப் போட்டு ஸ்பெயின் அரசவையிலிருந்தே சிபாரிசுக் கடிதம் வரவழைத்தார். கவர்னர் அதை அப்படியும் இப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "போலி" என்றார். காரணம்? ஸ்பெயினிலிருந்து பதில் இத்தனை சீக்கிரம் வர வாய்ப்பே இல்லையாம். லெ ஜான்தியின் வாழ்க்கையில் டைமுக்கு முன்னால் வந்தது அந்த ஒரு கடிதம்தான். அதையும் நம்ப ஆள் இல்லை.

இதற்கிடையில் அகாடமியிடமிருந்து தகவல்: புதுச்சேரி நமக்கே திரும்பக் கிடைத்துவிட்டது, அங்கே போ. 1763 பாரிஸ் உடன்படிக்கையில் ஊர் திரும்பி வந்திருந்தது உண்மைதான். 1768 பிப்ரவரியில் மணிலாவிலிருந்து ஒரு போர்த்துகீசியக் கப்பலில் கிளம்பினார். நடுவழியில் கேப்டனுக்கும் மாலுமித் தலைவருக்கும் சண்டை. மாலுமித் தலைவர் தன் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். கப்பல் அதன் போக்கில் போகிறது. பயணிகள் கதவைத் தட்டிக் கெஞ்சுகிறார்கள். மாப்பிள்ளை முறுக்கு கல்யாண வீட்டோடு நின்றுவிடுகிற விஷயம் என்று யார் சொன்னது?

அப்படி இப்படி மார்ச் 27 அன்று புதுச்சேரி. கரையில் வரவேற்றவர் கவர்னர் ழான் லா த லொரிஸ்தோன். இவருடைய பெரியப்பா ஜான் லா யார் தெரியுமா? பிரான்ஸ் முழுவதற்கும் பங்குப் பத்திரம் விற்று, 1720-ல் அந்த நாட்டையே திவாலாக்கிய மகாராஜன். அந்தக் குடும்பத்துப் பிள்ளைக்கு இடிந்துபோன ஊரைத் திரும்பக் கட்டும் வேலை கொடுத்தார்கள். வேடிக்கை என்னவென்றால், நன்றாகவே கட்டினார். லாஸ்பேட்டை என்கிற பெயர் இவரால் வந்தது என்பார்கள். ஆமாம், இன்றைக்கு விமானம் இறங்குகிற அதே லாஸ்பேட்டை.

இடிந்த பழைய கோட்டையின் மேல் லெ ஜான்திக்கு ஓர் ஆராய்ச்சிக்கூடம் எழும்பியது. அடித்தளம் பலமாக இருக்க வேண்டுமே? பலமாகத்தான் இருந்தது, கீழ் அறைகளில் வெடிமருந்து அடுக்கி வைத்திருந்தார்கள். ஒரு பொறி பறந்திருந்தால் வெள்ளியை இன்னும் கிட்டத்தில் போய்ப் பார்த்திருப்பார். ஊரை இடித்த இங்கிலீஷ்காரர்களே மதராஸிலிருந்து நல்ல டெலஸ்கோப் ஒன்றை அனுப்பி வைத்தார்கள். அதையும் பெருந்தன்மை என்றுதான் சொல்ல வேண்டும்.

கையில் ஒரு வருஷத்துக்கு மேல் இருந்தது. நம்மூர் ஜோசியர்கள் கிரகணத்தை எப்படிக் கணிக்கிறார்கள் என்று கற்றுக்கொள்ள உட்கார்ந்தார். காகிதம் கிடையாது, பேனா கிடையாது. தரையில் சோழிகளை நகர்த்தி, வாக்கியங்களை மனப்பாடமாகச் சொல்லி முடித்துவிடுகிறார்கள். பாகூரில் வித்தியாஸ்தானத்துக்கு மூன்று கிராமங்களை எழுதிவைத்த பல்லவ மன்னன் நிருபதுங்கவர்மனின் செப்பேடு 9-ம் நூற்றாண்டைச் சேர்ந்தது. படிப்பு இந்தப் பக்கத்துக்குப் புதுசு இல்லை. ஆனாலும் பாரிஸ் அகாடமி உறுப்பினருக்குச் சோழி என்றால் இளக்காரம் இருக்காதா? 1765 ஆகஸ்ட் 30 சந்திர கிரகணத்தை எடுத்து ஒப்பிட்டுப் பார்த்தார். கிரகணம் எவ்வளவு நேரம் நீடித்தது என்பதில் தமிழர் கணக்கு 41 வினாடி குறைவாக இருந்தது. ஐரோப்பாவின் பெரிய மேதை டோபியாஸ் மேயரின் அட்டவணை 68 வினாடி அதிகம். சோழி ஜெயித்துவிட்டது!

ரொம்பவும் காலரைத் தூக்கிவிட வேண்டாம். 1825-ல் ஜான் வாரன் என்ற இன்னொரு துரைக்கு முன்னால் புதுச்சேரிப் பஞ்சாங்கக்காரர் ஒருவர் இதே போல ஒரு கிரகணத்தைப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் நாலு நிமிஷம்தான் பிசகு. முடிவில் 52 நிமிஷம். ஆரம்பம் டயத்துக்கு, முடிவு கடவுள் விட்ட வழி என்பது நம் பொதுக்கூட்டங்களுக்கு எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிகிறது.

சோழி போக மீதி நேரத்தில் வீராம்பட்டினம் பக்கம் போய்ப் பழைய செங்கல் சிதைவுகளைப் பார்த்து எழுதி வைத்தார். ஒன்றே முக்கால் நூற்றாண்டு கழித்துத் தொல்லியல் அறிஞர் மார்ட்டிமர் வீலர் அங்கே தோண்டி, ரோமாபுரி வியாபாரத்தின் அடையாளங்களை எடுத்து அரிக்கமேட்டை உலகப் பிரசித்தம் ஆக்கினார். லெ ஜான்தி அதன் மேல் நின்றுகொண்டு வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1769 மே மாதம் முழுக்க, புதுச்சேரிக் காலை வேளைகள் கண்ணாடி. ஜூன் முதல் நாட்களும் அப்படியே. ஜூன் 3 ராத்திரி, லா துரையைக் கூட்டி வந்து வியாழனின் நிலாக்களை எல்லாம் காட்டினார். துரைக்கு ரொம்ப சந்தோஷம். வெள்ளி விடியுமுன்பே சூரியனுக்குள் நுழைந்திருக்கும், காலை ஏழு மணிவாக்கில் வெளியே வரும். அந்தக் கடைசிக் கணம் கிடைத்தால் போதும். ஒன்பது வருஷம் அதற்குத்தான்.

விடியற்காலை இரண்டு மணிக்கு எழுந்து பார்த்தார். மேகம். ஐந்து மணிக்குச் சூறைக்காற்று. ஆறு மணி, மேகம். ஏழு மணி, மேகம். வெள்ளி கடந்து போயிற்று. அப்புறம், நாடகத்தில் எழுதினால்கூட "ஓவர் சார்" என்று எடிட்டர் வெட்டிவிடுவார், மேகம் விலகி மிச்ச நாள் முழுவதும் சூரியன் சுட்டெரித்தது. ஜூன் மாதப் புதுச்சேரியில் வெயில் இல்லாத ஒரு காலை நேரத்தைக் கண்டுபிடித்த விஞ்ஞானி என்ற பெருமையை மட்டும் அவரிடமிருந்து யாரும் பறிக்க முடியாது.

மணிலாவில்? கேட்கவே வேண்டாம். வானம் பளிச்சென்று இருந்ததாம். சந்தேகக்கார கவர்னரின் ஊரில் இவருடைய நண்பர்கள் சாவகாசமாக உட்கார்ந்து பார்த்து முடித்திருந்தார்கள். லெ ஜான்திக்கு இரண்டு வாரத்துக்கு மேல் பேனாவைக் கையில் எடுக்கவே தெம்பில்லை.

திரும்பும் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், எனக்கே பாவமாக இருக்கிறது. 1770 மார்ச்சில் நோயோடு புதுச்சேரியை விட்டார். மொரீஷியஸில் ஏறிய அடுத்த கப்பல் புயலில் அடிபட்டு மொரீஷியஸுக்கே திரும்பியது. ஸ்பானியப் போர்க்கப்பல் ஒன்று இரக்கப்பட்டுக் காடிஸ் வரை கொண்டு விட்டது. அங்கிருந்து தரை வழியாகப் பிரனீஸ் மலையைத் தாண்டி, 1771 அக்டோபர் 8 அன்று பிரான்ஸ் மண்ணை மிதித்தார். போய் வரப் பதினோரு வருஷம், ஆறு மாதம், 12 நாள்.

ஊரில் அவர் செத்துப் பல காலம் ஆகியிருந்தது. சொந்தக்காரர்கள் சொத்தைப் பங்கு பிரிக்கும் ஆர்வத்தில் இருந்தார்கள். நிர்வாகம் பார்த்தவர் பணத்தைக் கோட்டைவிட்டிருந்தார். வழக்குப் போட்டார், தோற்றார், கோர்ட் செலவும் இவர் தலையிலேயே விழுந்தது. அகாடமி நாற்காலியும் கைமாறியிருந்தது. "மனைவிகூட வேறு கல்யாணம் செய்துகொண்டாள்" என்று ஒரு மசாலாவையும் பலர் தூவுகிறார்கள். அதை நம்பாதீர்கள். மனிதர் அதுவரை கல்யாணமே செய்துகொள்ளவில்லை. திரும்பி வந்த பிறகுதான் வசதியான இடத்தில் பெண் எடுத்தார், ஒரு மகள் பிறந்தாள், அகாடமியும் திரும்பச் சேர்த்துக்கொண்டது, பயணத்தைப் பற்றி இரண்டு தடிப் புத்தகங்கள் எழுதினார். 1792-ல், படுக்கையில், நிஜமாகவே செத்தார். இந்த முறை யாரும் அவசரப்படவில்லை.

சூரியன் தூரம் என்ன ஆயிற்று? மற்றவர்கள் பார்த்து எழுதியதையெல்லாம் சேர்த்து லலாந்த் என்ற பாரிஸ் வானவியலாளர் 15.3 கோடி கிலோமீட்டர் என்று கண்டுபிடித்தார். இன்றைய கணக்கு 14.96 கோடி. அந்தக் காலத்துக்கு அபாரம். புதுச்சேரியின் பங்களிப்பு, ஒரு மேகம்.

லா துரையின் லாஸ்பேட்டைக்கு இன்று விமானம் வருகிறது. வந்தது என்றால் ஒரேயடியாக வந்துவிடவில்லை. 2013-ல் ஒரு கம்பெனி வந்து போயிற்று, 2015-ல் இன்னொன்று வந்து போயிற்று, 2017-ல் பழையதே 'உடான்' திட்டத்தில் திரும்பி வந்து, நின்று, ஓடி, நின்றது. 2024 டிசம்பர் 20 முதல் இண்டிகோவின் ஏடிஆர் பறக்கிறது. பெங்களூரு ஆகாய வழியில் சுமார் 265 கிலோமீட்டர், ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். ஹைதராபாத் 600 கிலோமீட்டர். வில்லியனூரிலிருந்து இந்திரா காந்தி சிலை சிக்னலைத் தாண்டி லாஸ்பேட்டை போய்ச் சேருவது தனிக் கணக்கு, அதை எந்த விமானக் கம்பெனியும் டிக்கெட்டில் அச்சடிப்பதில்லை.

பெரிய விமானம் ஏன் வரவில்லை என்றால், ஓடுபாதை 1,500 மீட்டர்தான். நீட்ட வேண்டிய நிலம் எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டில் கிடக்கிறது. இரண்டு அரசாங்கங்கள் பேச வேண்டும். பேசிக்கொண்டேதான் இருக்கிறார்கள்.

ஐயா பெரியோர்களே, வெள்ளி அடுத்து சூரியனைக் கடப்பது 2117 டிசம்பரில். அவகாசம் தாராளமாக இருக்கிறது. அதற்குள்ளாவது அந்த ஓடுபாதையை நீட்டிவிடுங்கள். அன்றைக்கும் இங்கே மேகம் போட்டால் நம் பேரன் பேத்திகள் மணிலாவுக்கு ஓர் எட்டுப் பறந்து போய்ப் பார்த்துவிட்டு வரட்டும்.